தூக்கிய கால்

“கால் மரத்துப் போச்சு நைனா.”

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவர் சொன்னது. அதற்கப்புறம் கார்த்திகை விளக்கு ஏற்றியாயிற்று, பொங்கல் வந்து போயிற்று, ஆரணி வெயில் தன் பங்குக்குக் காய்ச்சி எடுத்தது. இப்போது மறுபடியும் ஐப்பசி. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்த நாலு வார்த்தை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று நாள் அடைமழை. நாலு வீடு தள்ளி இருக்கும் பெரியப்பாவிடம் பழைய ஜக்கார்டு அட்டை கேட்டிருந்தேன். ரத்த உறவு கிடையாது. என் அப்பாவோடு ஒரே திண்ணையில் நூல் தார் சுற்றி வளர்ந்தவர், அதனால் பெரியப்பா. கரண்ட் போயிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் உள்ளே போனேன். அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். தறி ஓடவில்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன. “இன்னா பெரியப்பா, சும்மா உக்காந்துகினு கீறீங்க?” என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில். அட்டைக் கட்டு மூலையில் இருப்பதாகக் கண்ணாலேயே காட்டினார். அதை எடுக்கத் திரும்பியபோது வெளிச்சம் தற்செயலாகத் தறிக்குழிக்குள் விழுந்தது. குழிக்குள் மிதிகட்டைமேல் ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது. அதற்கு ஒரு சாண் உயரத்தில் அவருடைய வலது கால், எதன்மேலும் படாமல், தூக்கியபடி நின்றது.

நான் எதுவும் கேட்கவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் உறைத்தது. கால் மரத்துப் போனதால் தூக்கி வைத்திருந்தாரா? தூக்கியே வைத்திருந்ததால் மரத்துப் போனதா?

தமிழில் இது ஒரு வசதி, ஒரு தொந்தரவும்கூட. காரணத்தைச் சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லிவிடலாம். ‘அதனால்’ என்ற சொல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பது கேட்பவன் பாடு. பின்னால் வைத்தால் அவர் வயதான ஒரு நெசவாளி, கால் பிடித்துக்கொண்டது, உதறிவிட்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். முன்னால் வைத்தால் கதை வேறு. மழைக்கு ஒதுங்கிய ஒரு பூனை தூங்கட்டும் என்று, எழுபதைத் தொட்ட ஒரு மனிதர், கூலிக்கு நெய்கிற மனிதர், காலைக் கீழே வைக்காமல் இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காலை இப்போதும் என்னால் அப்படியே சொல்ல முடியும். பாதம் அகலம். பெருவிரல் மற்ற விரல்களை விட்டு விலகி நிற்கும், மிதித்து மிதித்து அப்படி ஆனது. குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் குழியின் மண். கணுக்காலுக்கு மேல் ஒரு நரம்பு முடிச்சு. அந்த முடிச்சு துடித்துக்கொண்டிருந்ததா? துடித்தது என்று என் நினைவு சொல்கிறது. செல்போன் வெளிச்சம் என் கையில் ஆடியதுகூட அப்படித் தெரிந்திருக்கலாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கொஞ்சம்தான். ஒரு கணக்கு வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் நோட்டுப் புத்தகம் கட்டுகிறவன். விற்பதற்கில்லை. நெசவுக்காரர்கள் கழித்துப் போட்ட ஜக்கார்டு அட்டையை மேலட்டையாக வைத்து, அறுத்துப் போட்ட பட்டு நூல் துண்டுகளைத் திரித்து முதுகைத் தைப்பேன். அட்டையில் வரிசை வரிசையாகத் துளைகள். விளக்குக்கு நேரே பிடித்தால் சுவரில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும். ஒவ்வோர் ஐப்பசிக்கும் ஒரு நோட்டு. அதில் என்ன எழுதுகிறேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கும். தெருப் பூனைகளின் கணக்கு. எது எந்த வீட்டுக்கு மழைக்கு ஒதுங்கியது, எதற்கு எத்தனை குட்டி, எது ஏழு வீடு மாற்றிவிட்டது, எது காணாமல் போயிற்று. நடுநடுவே பென்சில் படம். பூனை படம் வரைவது கஷ்டம். காதை வைத்துவிட்டால் பாதி பூனை வந்துவிட்ட மாதிரி தெரியும், மீதிப் பாதி வரவே வராது.

இலையுதிர்காலம் என்ற சொல்லை நான் பாடப் புத்தகத்தில்தான் படித்தேன். எங்கள் ஊரில் அந்தப் பருவத்தில் இலை உதிர்வதில்லை, தெரு காலியாகும். மற்ற மாதங்களில் விடியற்காலைத் தெரு பாவுக்குச் சொந்தம். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழையை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, விரலால் பிரித்துவிட்டுக்கொண்டு ஆண்களும் பெண்களும் நடப்பார்கள். சைக்கிள்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் பாவு தெருவுக்கு வராது. பாவு உள்ளே போகும், பூனையும் உள்ளே வரும். தறிக்குழியில் ஈரம் ஊறும். இழை தளரும், ஒன்றோடொன்று ஒட்டும். நெய்தாலும் சீராக விழாது. பழைய தமிழில் ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே முதுகில் சில்லென்று இருக்கும்.

கூதிர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கல்லூரியில் நெடுநல்வாடை எங்களுக்குப் பாடம். நக்கீரர் பாடியது. பரீட்சைக்குப் படித்ததில் பாதிக்கு மேல் மறந்துபோயிற்று, இரண்டு காட்சிகள் மட்டும் தங்கின. மழை மூடிய ஊரில் பொழுது எப்போது சாய்ந்தது என்று தெரியாமல், பிச்சி மொட்டு விரிந்து மணக்கிறதை வைத்து, ‘ஓ, சாயங்காலம் ஆகிவிட்டது’ என்று பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். அது ஒன்று. இன்னொன்று, வீட்டுப் புறா. இரவா பகலா என்று புரியாமல், இரை தேடப் போகாமல், கூரையின் இறப்பைத் தாங்கும் கட்டைமேல் மாறி மாறி நின்றுகொண்டிருக்கிறது. நின்று நின்று கடுத்துப்போன காலை ஆற்றிக்கொள்ளத்தான் அப்படி மாற்றி மாற்றி நிற்கிறது என்று உரை படித்த ஞாபகம். பெரியப்பாவின் காலைப் பார்த்த அன்று இரவு படுக்கையில் அந்தப் புறாதான் முதலில் வந்தது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இரண்டாயிரம் வருஷம் முன்னாடியே ஒரு புலவர் பார்த்துவிட்டார்: மழை, வேலை இல்லை, கால் கடுக்கிறது, தூக்கிக்கொள்கிறது. இதில் கருணைக்கு என்ன இடம்?

ஆனால் அடுத்த நாளே மனசு வேறு பக்கம் திரும்பியது. மதுரைக் கோயிலில் வெள்ளியம்பலம் பார்த்திருக்கிறேன். வழக்கமாக நடராஜர் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கியிருப்பார். அங்கேயோ இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கியிருக்கிறார். திருவிளையாடல் புராணத்தில் அதற்கு ஒரு கதை. பாண்டிய ராஜா பரதம் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்ட அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது, ஒரே காலில் நிற்பது எவ்வளவு வலி என்று. அதுவரை கும்பிட்டுப்போன சிலையை அன்று அவனால் பார்க்க முடியவில்லை. ‘கால் மாற்றி ஆடும், இல்லாவிட்டால் செத்துப்போவேன்’ என்று கத்தியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். சாமி கால் மாற்றிக்கொண்டார்.

சின்ன வயதில் இதைச் சாமி கதையாகக் கேட்டேன். இப்போது யோசித்தால் இது கலை கற்றுக்கொண்ட ஒருவன் கதை. ஆடத் தெரியாத வரைக்கும் அவனுக்குத் தூக்கிய கால் அழகாக மட்டும் தெரிந்தது. தானே தூக்கிப் பார்த்த பிறகு வலி தெரிந்தது. நான் தறியில் உட்கார்ந்தவன் இல்லை. தார் சுற்றியதோடு சரி. தாத்தாவோடு எங்கள் வீட்டில் நெசவு முடிந்துவிட்டது. அதனால்தான் பெரியப்பாவின் கால் எனக்கு ஒரு காட்சியாக, ஒரு படமாகப் பட்டதோ என்னவோ. இன்னொரு நெசவாளி பார்த்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பான், அது மரத்த காலா, தூக்கிய காலா என்று.

(பெரியப்பா தூக்கியதும் வலது கால்தான், வெள்ளியம்பலத்துக் கால். இதற்கும் ஒரு அர்த்தம் தேட ஆரம்பித்தால் எனக்கு உருப்பட வழியே இல்லை. விட்டுவிடுகிறேன்.)

பூனைக்கும் நெசவு வீட்டுக்கும் உள்ள உறவு அவ்வளவு எளிதானதில்லை. பாவில் கஞ்சி இருக்கும், கஞ்சிக்கு எலி வரும். ஒரு ராத்திரி எலி கடித்தால் நூற்றுக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுத் தீர்க்க வேண்டும். ஆகவே பூனை வேண்டும். ஆனால் பூனைக்கு நகம் இருக்கிறது, பட்டுக்கு மேல் ஒரு முறை அது சோம்பல் முறித்தால் போதும். ஆகவே பூனை வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு: வீட்டுக்குள் வரலாம், குழிக்குள் வரலாம், துணிமேல் வரக்கூடாது. எங்கள் தெருப் பூனைகளுக்கு இந்தச் சட்டம் தெரியும். தெரியாதவை கொல்லைப்பக்கம் பறக்கும்.

எனவே பெரியப்பா எலிக்காகத்தான் அந்தப் பூனையைப் பொறுத்துக்கொண்டார் என்றும் வைத்துக்கொள்ளலாம். வேலைக்காரனைத் தூங்கவிடுவது முதலாளிக்கும் நல்லதுதானே. இன்னொன்றும் உண்டு. அன்றைக்குக் கரண்ட் இல்லை. தறிக்குக் கரண்ட் வேண்டாம், கண்ணுக்கு வேண்டும். நூலும் ஈரம். நெய்ய முடியாத நேரத்தில் நெய்யாமல் இருப்பது தியாகமா? இப்படி ஒவ்வொரு காரணமாக எடுத்து வைத்தால், அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்து சாதாரணக் காலாகிவிடுகிறது. ஆனால் முழுசாக இறங்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் கிடைக்கிறது. அந்த ஒரு சாண் இடைவெளிக்கு மட்டும் கிடைக்கவில்லை. கால் மரத்தால் நீட்டலாம், மடக்கலாம், குழிக்கு மேலே எடுத்துப் பலகையில் வைக்கலாம். பூனைக்கு மேலே அந்தரத்தில் எதற்கு வைக்கவேண்டும்?

இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

எனக்கு எட்டு வயது. அதுவும் ஐப்பசிதான். தாத்தா தறியில், நான் ராட்டையில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தார் சுற்ற வேண்டும், அதற்கப்புறம்தான் விளையாட்டு. ஆயா சோறு வைத்துப் பழக்கிய ஒரு பூனை இருந்தது. வெள்ளை, முதுகில் மட்டும் மை கொட்டின மாதிரி கறுப்பு. தாத்தா வெளியே போயிருந்த நேரம், நான் ஒரு தாரை எடுத்து நூலை இழுத்து இழுத்துப் பூனைக்கு முன்னால் ஆட்டினேன். அது பாய்ந்தது. எனக்குச் சிரிப்பு. இன்னும் இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் தரை முழுக்க அரக்குச் சிவப்பில் சிக்கு, பிரிக்க முடியாத சிக்கு. அந்தக் காலத்தில் முதலாளி பட்டை எடை போட்டுக் கொடுப்பார், சேலையை எடை போட்டு வாங்குவார். குறைந்தால் கூலியில் பிடிப்பார். எட்டு வயதுக்கு எனக்கு அது நன்றாகவே தெரியும். தாத்தா வந்ததும் நான் சொன்னேன்: “பூனை இழுத்துட்டுப் போச்சு.”

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பூனையின் காலிலேயே நூல் சுற்றியிருந்தது, அதைவிட என்ன சாட்சி வேண்டும்? சித்தப்பா அதைக் கோணியில் போட்டார். கோணியின் வாயைக் கட்டக் கயிறு தேடினார்கள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

சைக்கிளில் வைத்துக் கமண்டல நாகநதிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிற ஆறு. மணலாக இருந்தால் பூனை திரும்பி வந்திருக்கும். பூனைக்கு வீடு மறக்காது என்று ஆயா சொல்லிக்கொண்டே இருந்தாள். கொல்லைக் கதவண்டை சில நாள் சோறும் வைத்தாள். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் ஓடியது. கோடையில், தண்ணீர் வற்றிய பிறகு, அக்கரைப் பக்கம் வெள்ளையாக ஒரு பூனையைப் பார்த்தேன். முதுகு கறுப்பா என்று பார்ப்பதற்குள் புதருக்குள் போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதுவாக இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அப்போதே தோன்றியது.

இதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டியவர்கள் ஒருவரும் இப்போது இல்லை.

ஜப்பானில் தஷிரோஜிமா என்று ஒரு சின்னத் தீவு இருப்பதாக எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்தேன். அங்கே ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். புழுவை எலி தின்னும், எலியை விரட்டப் பூனை வளர்த்தார்கள். பிற்பாடு புழு போயிற்று, பூனைகள் தங்கிவிட்டன. இன்று அங்கே மனிதர்களைவிடப் பூனைகள் அதிகம். அந்தத் தீவில் பூனைக்கு ஒரு கோயிலும் உண்டு. வலைக்குக் கல் சேகரித்தபோது ஒரு கல் தவறி விழுந்து ஒரு பூனை செத்துப்போயிற்றாம். மனசு கேட்காமல் அதைப் புதைத்து அந்த இடத்தைக் கோயிலாக்கினார்களாம். படித்ததும் மூடி வைத்துவிட்டேன். தவறி விழுந்த கல்லுக்கே ஒரு கோயில். எடுத்துக் கொடுத்த கயிற்றுக்கு?

நோட்டில் பூனைக் கணக்கு எழுதுவது அதற்கான பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சொன்னால் பொய்யாகிவிடும். எனக்குப் பூனை பிடிக்கும், காகிதம் பிடிக்கும், மழை நாளில் வேறு வேலை இல்லை. அவ்வளவுதான்.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சில் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்த யோசனை அது. துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. ஒரு முறை ஊடை போக ஓர் அட்டை. ஆயிரக்கணக்கான அட்டைகளைக் கோத்துவிட்டால் மயிலும் யானையும் தானாக வரும். சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு அட்டையை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார். என் கையில் இருக்கிற நோட்டின் மேலட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் தூரத்து உறவு. சேலையில் நடக்கவேண்டியது அத்தனையும் அந்தத் துளைகளில் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. குழிக்குள் பூனை வந்து படுத்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் துளை இல்லை. அதைக் கால்தான் முடிவு செய்யவேண்டும்.

அந்தக் காலைக் கருணையின் உருவமாகச் செய்துவிடவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அவர் நெய்வது பட்டு. ஒரு நல்ல கூட்டைப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே இழை வரும். அந்த இழை அறுந்துபோகாமல் இருப்பதற்காகத்தான், உள்ளே இருக்கும் புழு பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வருவதற்குள் சூட்டில் கொன்றுவிடுகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். இது தெரியாத நெசவாளி கிடையாது, கட்டுகிற பெண்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே தறியில் ஒரு பூனைக்காக ஒரு கால் தூக்கியிருந்தது என்றால் அதற்கு என்ன பெயர்? முரண்பாடு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் நாம் எல்லோருமே கண்ணுக்கு முன்னால் படுத்திருக்கிற ஒன்றுக்காகத்தானே காலைத் தூக்குகிறோம்? கொதிக்கிற தண்ணீர் வேறு ஊரில் இருக்கிறது.

அவர் வேலையை நிறுத்தியதும் நான் நிறுத்துவதும் ஒன்றா என்று வேறு ஒரு கேள்வி கிளம்பியது. எனக்கு நிறுத்துவது சுலபம். என் அலமாரியில் பாதியில் நின்ற நோட்டுகள் பதினொன்று இருக்கின்றன. பூனை வந்து காகிதத்தின்மேல் படுத்துக்கொண்டது என்று நிறுத்திய நாட்கள் எத்தனையோ. எழுப்ப மனசில்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் வரைவது சரியாக வரவில்லை, நிறுத்த ஒரு சாக்கு வேண்டும், பூனை அதைக் கொடுத்தது. கம்பர் ராமாயணத்தை ஆரம்பிக்கும்போது, பாற்கடலை நக்கிக் குடித்துத் தீர்த்துவிடலாம் என்று இறங்கிய பூனை மாதிரி நான் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுப் பத்தாயிரத்துச் சொச்சம் பாட்டு எழுதினார். நானும் அந்தப் பூனைதான், ஒரு நக்கு நக்கிவிட்டு வெயிலில் போய்ப் படுத்துக்கொள்கிற பூனை.

பொழுதுபோக்குக்காரன் நிறுத்தினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கூலிக்காரன் நிறுத்தினால் சேலை இறங்குவது தள்ளிப்போகும், கூலி தள்ளிப்போகும், கடைக்காரரிடம் இன்னொரு வாரம் சொல்லவேண்டும். ஒரே செயல், இரண்டு விலை. எதைச் செய்தோம் என்பதைவிட, செய்யாமல் நிறுத்தியபோது எவ்வளவு கொடுத்தோம் என்பதுதான் கணக்கோ என்று தோன்றியது. உடனே அதுவும் சந்தேகமாகிவிட்டது. வசதி இல்லாதவன் செய்யும் இரக்கம்தான் உயர்ந்தது என்று, வசதியாக உட்கார்ந்து நோட்டுக் கட்டுகிறவன் எழுதினால், அது அவனுக்கு நல்லா இருக்கும். பெரியப்பாவுக்கு அதில் என்ன கிடைக்கும்?

கார்த்திகை வந்தால் நானும் என் மகளும் மாவளி செய்வோம். ஆண் பனையின் பூவை வெட்டிக் காயவைத்து, குழியில் போட்டுச் சுட்டு, கரியை அரைத்துப் பழைய துணியில் சுருட்டி, பிளந்த பனை மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கயிற்றில் சுற்றினால் தீப்பொறி வட்டமாகச் சிதறும். ஒரு வாரம் பாடுபட்டுச் செய்தது பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ‘வாணவெடி வாங்கினா போதாதா’ என்று மனைவி வருஷா வருஷம் கேட்பாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் போன கார்த்திகையில் மாவளி சுற்றிக்கொண்டிருந்தபோது பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காலையும் நீட்டிப் போட்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பூனை. கேட்டுவிடலாம் என்று போனேன். பொறி பறந்த பயத்தில் பூனை எழுந்து ஓடிவிட்டது. என் மாவளிதான் அதை விரட்டியது. கேட்க வாய் வரவில்லை.

ஒரு நாள் பரிசோதனைகூடச் செய்து பார்த்தேன். எங்கள் வீட்டு முன் அறையில் தாத்தாவின் தறிக்குழியை மண் போட்டு மூடித் தரை போட்டிருக்கிறது. அந்த இடத்துக் கல் மட்டும் நிறம் வேறு, நீள்சதுரமாகத் தெரியும். மழைக்காலத்தில் அங்கே மட்டும் லேசாக வியர்க்கும். அதன்மேல்தான் என் நோட்டு மேஜை. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை ஒரு சாண் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் தொடை இறுகியது. நாலாவது நிமிஷம் நடுங்கியது. வைத்துவிட்டேன். ஆனால் மரத்துப் போகவில்லை. வலித்தது, அவ்வளவுதான். மரத்துப் போக இன்னும் எவ்வளவு நேரம் வேண்டும்? இல்லை, தூக்கினால் வலிக்கத்தான் செய்யும், தொங்கவிட்டால்தான் மரக்குமா? அப்படியானால் புறாதான் சரி, பாண்டியன் தப்பு. அறுபது வருஷம் மிதித்த காலுக்கும் நாற்காலிக் காலுக்கும் ஒரே கணக்கு பொருந்துமா என்றும் தெரியவில்லை.

இந்த ஊரைப் பற்றிப் புத்தகங்களில் தேடினால் கோட்டை வரும், ஜாகீர் வரும். 1751இல் ராபர்ட் கிளைவ் இங்கே சண்டை போட்டது வரும். 1782இல் ஐதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதியது வரும். யார் எந்தப் பக்கம் நின்றார்கள், எதற்கு நின்றார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு படை ஏன் நின்றது என்று தெரிகிறது. நாலு வீடு தள்ளி, போன வருஷம், ஒரு கால் ஏன் நின்றது என்று தெரியவில்லை.

போன வாரம் கேட்டுவிட்டேன். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு மத்தியானம். தறி ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஜக்கார்டு பெட்டி அட்டையைப் புரட்டிப் புரட்டிப் போட்டது. கீழே இரண்டு காலும் மாறி மாறி இறங்கி ஏறின. பூனை ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து தன் காலை நக்கிக்கொண்டிருந்தது.

“பெரியப்பா, போன வருஷம் மழையில ஒரு நாள், அட்டை வாங்க வந்தனே, கால் மரத்துப் போச்சுன்னீங்களே?”

அவர் நாடாவை நிறுத்தவில்லை.

“எந்த நாள்? தெனந்தான் மரத்துப் போவுது.”

பூனையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஓர் இழை அறுந்தது. இரண்டு விரலால் நுனிகளைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டுத் திரித்துவிட்டு மறுபடி மிதித்தார். முடிச்சு எங்கே இருந்தது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு முறை நாடா போய் வந்ததும் எனக்கே இடம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து போன வருஷத்து நோட்டை எடுத்தேன். அந்த நாளுக்கு நேரே பென்சிலில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். மிதிகட்டையில் பூனை படுத்திருந்தது. பெரியப்பாவுக்குக் கால் மரத்துப் போனது. இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன், பிற்பாடு நிரப்பிக்கொள்ளலாம் என்று. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் என்ன எழுத ஆசைப்படுகிறேன் என்று எனக்குத் தெரியும். எட்டு வயதிலிருந்தே தெரியும். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு ஒதுங்குகிற பூனை வந்து, தாத்தாவின் குழி இருந்த அந்தக் கல்லின்மேல், என் மேஜைக்கு அடியில், காலண்டை படுத்துக்கொண்டது. காலை நகர்த்திக்கொண்டேன். பூனைக்காகவா, அந்தக் கல் ஈரமாக இருந்ததாலா, தெரியவில்லை.